டேங்க் மூடியில் ஒரு பொட்டு

என் அத்தை வீட்டில் பொட்டு வைக்காத இயந்திரம் கிடையாது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாகக் கிளம்பினார் என்றால், பம்புசெட் மோட்டாரில் ஆரம்பித்து டிராக்டர், மிக்சி, கிரைண்டர், காஸ் அடுப்பு என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு கடைசியில் வைஃபை பெட்டி முன்னால் வந்து நிற்பார். அதற்கெல்லாம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "ராவும் பகலும் கண்ண முழிச்சிக்கினு நமக்குதான உழைக்குது, அதுக்கு ஒரு பொட்டு வெச்சா இன்னா கொறஞ்சிடும்?" என்றார், மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கைக் காட்டி.

இந்த அத்தை வீட்டுக் களத்துக்குத்தான் நானும் அத்தை பையனும் எங்கள் கோ-கார்ட்டைக் கொண்டுபோனோம்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. அவன் கீழ்பென்னாத்தூர், நான் திருவண்ணாமலை செங்கம் ரோடு. நான் அவனைவிட மூன்று மாதம் மூத்தவள் என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவேன். மாணவர்களே செய்த கார்ட்டுகளுக்கு ஒரு பந்தயம் என்று கல்லூரிக்குக் கடிதம் வந்தபோது முதலில் கை தூக்கியதும் நான்தான், அவன் இரண்டாவது. கார்ட் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்த ஒரு கட்டில், நான்கு குட்டிச் சக்கரங்கள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓர் இருக்கை, இருக்கைக்குப் பின்னால் பெட்ரோல் டேங்க், அதற்குக் கீழே பழைய இரும்புக் கடையில் கிடைத்த டூ-ஸ்ட்ரோக் மொபெட் இன்ஜின். கயிற்றைச் சுற்றி இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். ஆகாமலும் போகும்.

முதல் நாள் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் அதை ஸ்டார்ட் செய்தோம். மாடி அறைகளை அப்பா வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அப்போது மேலே தங்கியிருந்த பெண்மணிக்கு நாற்பது நாள் மௌன விரதம். அன்று முப்பத்தோராம் நாள். இன்ஜின் உயிர்பெற்ற இரண்டாவது நிமிடம் அவர் படியிறங்கி வந்து, கைகூப்பி, தெளிவான தமிழில் "போதும்" என்றார். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அப்பா ஒரு சின்ன வேனைப் பிடித்து வண்டியைக் கீழ்பென்னாத்தூருக்கு அனுப்பிவிட்டார். அங்கே அத்தை வீட்டை ஒட்டி சிமென்ட் போட்ட களம் இருக்கிறது. பக்கத்தில் மௌனம் காப்பவர்கள் யாரும் இல்லை.

பந்தய விண்ணப்பத்தில் ஓட்டுநர் பெயருக்கு இருந்தது ஒரே ஒரு வரி. திங்கட்கிழமை காலை எங்கள் மெக்கானிக்கல் சார் முன்னால் வண்டி பத்து சுற்று நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் அந்த வரியில் பெயர் எழுதி அவர் கையெழுத்துப் போடுவார். யார் பெயர் என்பதில்தான் சண்டை. எனக்கு எடை கம்மி, அதனால் வண்டி பறக்கும் என்றேன் நான். பத்து வயதிலிருந்து டிராக்டர் ஓட்டுகிறேன் என்றான் அவன். டிராக்டர்காரனுக்கு வளைவு என்றால் வரப்பு முனையில் திரும்புவதுதானே என்றேன். என் விஷயம் வேறு. நான் இதுவரை ஓட்டியிருப்பது அம்மாவின் ஸ்கூட்டர் மட்டுமே; அதையும் பௌர்ணமிக் கூட்டத்தில் உருட்டிக்கொண்டு போன நேரம்தான் ஜாஸ்தி. ஒரு முறையாவது எதிரே ஆள் இல்லாத தடத்தில், கால் அழுத்தும் மட்டும் அழுத்திப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வரியில் என் பெயர்தான் இருக்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு வாரச் சண்டைக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. கார்புரேட்டரை ஆளுக்கொரு முறை மாறி மாறி செட் செய்வது. யார் செட் செய்த வண்டி முதலில் களத்தை இருபது முறை நிற்காமல் சுற்றுகிறதோ, அவர்தான் ஓட்டுநர்.

கார்புரேட்டரின் வேலை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுவது. பெட்ரோல் ஜாஸ்தியானால் இன்ஜின் இருமும், புகை கக்கும், ஸ்பார்க் பிளக் கரிபிடிக்கும். காற்று ஜாஸ்தியானால் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோகும், பிளக் வெளுக்கும், நம் நேரம் கெட்டிருந்தால் பிஸ்டனே உருகும். இரண்டும் சரியாக இருந்தால் பிளக்கின் முனை நல்ல டீயின் நிறத்தில் இருக்க வேண்டும். யார் வீட்டு டீ என்பதில் எங்களுக்குள் ஒரு கிளைச் சண்டையும் இருந்தது. அத்தை வீட்டில் பால் ஜாஸ்தி.

கை வைக்க இரண்டு இடங்கள். பக்கவாட்டில் ஏர் ஸ்க்ரூ. அதை உள்ளே திருகினால் காற்று குறையும். நடுவில் தொங்குவது, தலைப்பக்கம் காடி காடியாக வெட்டு விழுந்த ஊசி. அதை ஒரு காடி தூக்கி மாட்டினால் பெட்ரோல் கூடும். நான் ஒவ்வொரு கால் சுற்றையும் நோட்டில் எழுதிவைப்பவள். அவனுக்கு நோட்டு கிடையாது, காதுதான். ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொள்வான். என்ன கேட்குது என்றால், "பசிக்குதுங்குது" என்பான். நான் சிரிப்பேன்.

சனிக்கிழமை காலை முதல் முறை அவனுடையது. ஏர் ஸ்க்ரூவை முழுதாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்தான். ஊசியை நடுக்காடியில் மாட்டினான். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இரண்டாவது இழுப்பிலேயே இன்ஜின் பிடித்து, சும்மா நிற்கும்போது அழகாகத் துடித்தது. அப்போதுதான் அத்தை தட்டோடு வந்தார். பூஜை போடாத வண்டியில் பிள்ளைகளை உட்கார விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரத்தை மட்டும் பெட்ரோல் வாடை வராத தூரத்தில் காட்டச் சொன்னோம். பொட்டு எங்கே வைப்பது என்பதில்தான் அவருக்குக் குழப்பம். இன்ஜின் சுடுகிறது. செயின் பக்கமெல்லாம் கிரீஸ். ஸ்டீயரிங் ஒல்லி. கடைசியில் டேங்க் மூடியைக் கண்டுபிடித்தார்.

"இத பாரு, வட்டமா, தட்டையா, நெத்தியாட்டமே கீது."

சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்துவிட்டு, முறத்தோடு வேப்பமர நிழலுக்குப் போய் உட்கார்ந்தார். விதைக்கு மல்லாட்டை உரிக்கும் வேலை அவருக்கு. நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நடுவரும் அவரே. வண்டி ஒரு சுற்று வந்தால் ஒரு மல்லாட்டை சொம்பில் விழும்.

நான்கு மல்லாட்டையில் வண்டி நின்றது. முதல் மூன்று சுற்று ஒழுங்காகப் போய், நான்காவது முடியும்போது கீச்சிட்டு அடங்கிவிட்டது. அவன் டேங்கைத் திறந்து பார்த்தான். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடினான். அவன் விரல் பட்டுக் கலைந்த பொட்டை அத்தை எழுந்துவந்து புதுப்பித்தார்.

என் முறை. காற்று ஜாஸ்தி என்று தீர்ப்பு சொல்லி ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருகினேன். உடனே ஸ்டார்ட் ஆகிப் பிரமாதமாகக் கிளம்பியது. பார்த்தாயா என்று கையைக் காட்டிக்கொண்டே போனேன். நான்கு மல்லாட்டை. திறந்து பார்த்தோம், மூடினோம், அத்தை பொட்டு வைத்தார். அவன் ஊசியை ஒரு காடி தூக்கினான். மூன்றரை, அரை மல்லாட்டை கணக்கில் சேராது என்று அத்தை அதைத் தின்றுவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் ஏர் ஸ்க்ரூ அரைச் சுற்றுக்கு வந்துவிட்டது, ஊசி இரண்டு காடி ஏறிவிட்டது. வண்டியோ முதல் இரண்டு சுற்று கொசு மருந்து அடிக்கிற வண்டி போலப் புகைந்துகொண்டு போகும். மூன்றாவதில் தொண்டை தெளிந்து பாடும். நான்காவதில் கீச்சென்று செத்துவிடும். பெட்ரோல் ஜாஸ்தி என்றும் காற்று ஜாஸ்தி என்றும் ஒரே வண்டி ஒரே ஓட்டத்தில் புகார் சொல்லுமா? சொன்னது. நிறுத்தித் திறந்து மூடினால் மறுபடி நன்றாக ஓடும். அதை இருவரும் அவரவர் கைராசி என்று நினைத்துக்கொண்டோம். மூன்று வருடம் இயந்திரவியல் படித்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் முறையில் ஆறு மல்லாட்டை விழுந்தது. சாதனைதான். ஆனால் ஏர் ஸ்க்ரூவை அந்த முறை நான் தொட்டதே பட்டும் படாமலும்தான். வேறென்ன மாறியது என்று யோசித்துக்கொண்டே டேங்க் மூடியைத் திருகினேன். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல ஸ்ஸ் என்றது. டேங்க் பாதி காலி. மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் உள்பக்கம் மஞ்சளாகச் சந்தனம் எட்டிப் பார்த்தது.

விஷயம் அவ்வளவுதான். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வருகிற வழியில் அத்தையின் பொட்டு உறிஞ்சப்பட்டு கார்க் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. டேங்கில் காற்றுக்கு இடம் ஜாஸ்தியாக இருந்தால் இரண்டு சுற்று கூடுதலாக ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். இன்ஜினுக்கு உண்மையிலேயே பசி. அவன் காது சொன்னது சரி.

அந்த நேரம் அவன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். டேய் இங்க வா என்று கூப்பிட்டிருந்தால் நான் நல்லவள். கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன்கூட. அடுத்த முறை அவனுடையது என்பது அப்போதுதான் உறைத்தது. மூடியைத் திருப்பி மூடினேன். மூடியதோடு விட்டேனா என்றால், அதுவும் இல்லை.

"அத்தை, பொட்டு கலைஞ்சிருக்கு பாருங்க," என்றேன்.

அத்தைக்கு ஏக சந்தோஷம். இந்தக் காலத்தில் எந்தப் பெண் இதையெல்லாம் கவனிக்கிறாள் என்று மகனிடம் என்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். நான் அடக்கமாக நின்றேன். அவன் அரை மணி நேரம் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்திருந்துவிட்டு, மறுபடியும் பசிக்குதுங்குது என்று சொல்லி ஊசியைத் தூக்கினான். நான்கு மல்லாட்டை.

என் முறை வந்தது. துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டேங்க் பக்கம் மண்டியிட்டேன். துப்பட்டா தானாகச் சரிந்து மறைத்துக்கொண்டது. ஓட்டையைக் குத்தி, மூடியைத் துடைத்தேன். பிறகு எழுந்து, அவன் நன்றாகப் பார்க்கும்படி, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருகினேன். நெற்றியைச் சுருக்கினேன். கால் சுற்று வெளியே திருகினேன்.

இருபது மல்லாட்டை. இருபத்தோராவதையும் வேண்டுமென்றே சுற்றினேன். வண்டி இருமிக்கொண்டும் புகைந்துகொண்டும்தான் ஓடியது. இரண்டு நாளாக நாங்கள் திணித்த பெட்ரோல் எல்லாம் அப்போதுதான் போய்ச் சேர்ந்தது. புகை ஜாஸ்தியா வருதே என்றான் அவன். ஓடுதா இல்லையா என்றேன். ஓடுது என்று ஒத்துக்கொண்டான். விண்ணப்பத்தை அவனே எடுத்துவந்து, பென்சிலால் என் பெயரை எழுதினான். சார் முன்னால் பேனாவில் எழுதிக்கொள்ளலாம்.

"உனுக்குக் கை நல்லாருக்குது," என்றான்.

கிண்டல் இல்லை. நிஜமாகச் சொன்னான். அது கொஞ்சம் குத்தியது, ஊக்கைப் போல.

அதற்குள் அத்தை மூடியைப் பார்த்துவிட்டார். பொட்டு எங்கே என்றார். ஓடிய வேகத்தில் உதிர்ந்திருக்கும் என்றேன்.

"அப்ப நாளைக்குக் கெட்டியா கொழைச்சி வெக்கறேன். காலேஜுல அத்தன கண்ணு படும்."

அந்தப் பொட்டோடு போனால் வண்டி சார் முன்னால் நிற்கும். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், எப்போது தெரிந்தது என்று கேட்பார்கள். ஸ்டீயரிங்கில் வைத்தால் அழகாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். இருக்கை முதுகில் வைக்கலாமே என்றேன்.

"நெத்திய உட்டுட்டு மூக்குல பொட்டு வெப்பாங்களாடி?" என்று கேட்டுவிட்டு அத்தை உள்ளே போய்விட்டார்.

சரி, காலையில் எல்லோருக்கும் முன்னால் கல்லூரிக்குப் போய்த் துடைத்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். திட்டத்தில் குறை இல்லை, பஸ்தான் வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பட்டறைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் பாதித் துறை கூடியிருந்தது. சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேனில் வண்டியோடு முன்பே வந்துவிட்ட அத்தை பையன், என்னைப் பேசவிடாமல் இருக்கையில் உட்காரவைத்து, அவனே வடிவமைத்த ஐந்து பெல்ட்டுகளையும் மாட்டி இறுக்கினான். கழுத்தைக்கூட முழுதாகத் திருப்ப முடியவில்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் மாட்டியிருந்த கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தேன். மூடியின் மேல் அடைமாவு பதத்தில் சந்தனம். அதைச் சுற்றி ஒரு முழம் மல்லி.

"டேங்க் ஃபுல்லா ஊத்திட்டேன்," என்றான் பெருமையாக. ஃபுல் என்றால் மூன்று சுற்றுகூடத் தாங்காது என்று மனசு கணக்குப் போட்டது. அவன் ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டுக் குனிந்தான். "ஜடைய உள்ள உட்டுக்கோ, செயின்ல மாட்டிக்கும். நேத்து நீ வெச்ச செட்டிங்க நான் தொடவே இல்ல. அப்படியே கீது."

அந்த வாக்கியத்துக்கு மேல் என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நல்ல குணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெல்ட் இறுக்கியிருந்தது, கை எட்டவில்லை.

"டேய், அந்த மூடி நடுவுல ஒரு ஓட்டை இருக்கு. பொட்டு அதை அடைச்சுக்குது. இந்தா ஊக்கு, குத்தி விடு."

ஊக்கை வாங்கியவன் மூடியைப் பார்த்தான், டேங்கைப் பார்த்தான். புரிந்துகொள்ள அவனுக்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆனது, என்னைவிடச் சீக்கிரம். பிறகு கையிலிருந்த ஊக்கைப் பார்த்தான். அதன் முனையில் நேற்றைய மஞ்சள் காய்ந்திருந்தது.

"எப்ப தெரியும்?"

"நேத்து."

"நேத்து எத்தன மணிக்கு?"

நான் ஸ்டீயரிங்கைப் பார்த்தேன்.

"எங்கம்மாவ கூப்ட்டு பொட்டு வெக்க சொன்னியே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

கிளம்பலாமா என்று சார் அங்கிருந்து குரல் கொடுத்தார். ரெண்டு நிமிஷம் சார் என்று இவன் பதில் கொடுத்தான். கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு ஐந்து பெல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். சிரிப்பை அடக்குகிறான் என்று மூன்றாவது பெல்ட்டில் தெரிந்தது. "எறங்கு," என்றான். இறங்கினேன். கையை நீட்டினான். "நோட்டு. மொத பக்கம்."

ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று, ஊசி நடுக்காடி என்று வாசித்தேன். வாசித்ததை நம்பாமல் நோட்டைத் திருப்பி அவனே ஒருமுறை படித்துக்கொண்டான். இரண்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான், ஓட்டையைக் குத்திவிட்டான், உட்கார்ந்தான். கயிற்றை நான் இழுத்தேன்.

வண்டி அன்றுதான் முதன்முதலாகத் தன் சொந்தக் குரலில் பேசியது. இருமல் இல்லை, கீச்சல் இல்லை, புகை ஒரு கோடு மாதிரி. பத்து சுற்று முடிந்தும் நிற்க மனமில்லாமல் பதினொன்றாவதில் பாதி போய்விட்டான். சார் கை காட்டி நிறுத்தினார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். எங்கள் வீட்டு டீயும் இல்லை, அத்தை வீட்டு டீயும் இல்லை. பஸ் ஸ்டாண்டு டீ, ஸ்ட்ராங்.

ஓட்டுநர் யார் என்று சார் விண்ணப்பத்தைப் பிரித்தார். நான் ரப்பரால் என் பெயரை அழித்துவிட்டு அவன் பெயரைப் பேனாவால் எழுதினேன். என்னம்மா, கடைசி நேரத்தில் ஆளை மாற்றுகிறீர்கள் என்றார். டிராக்டர் அனுபவம் இருக்கிறது சார் என்றேன். அடுத்த வரியில் மெக்கானிக் பெயர் கேட்டிருந்தது. அவன் என் கையிலிருந்து பேனாவை வாங்கி என் பெயரை எழுதினான்.

மத்தியானம் அத்தைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

"எண்ணெ டின்னுல ஊத்தறதுக்கு ஒரு ஓட்டை, காத்துக்கு ஒரு ஓட்டை போடணும்னு எனக்குத் தெரியாதாடி? பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன், கேட்டா இன்னா? ரெண்டு நாளு மல்லாட்டைய எண்ண உட்டீங்க." அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, வைஃபை பெட்டியிலும் பக்கத்தில் நிறைய ஓட்டை இருக்கிறதே, அங்கேயெல்லாம் வைத்தால் பரவாயில்லையா என்று கேட்டார்.

இப்போது மூடியில் ஓட்டையை நடுவில் விட்டு, சுற்றிலும் ஐந்து சின்னப் பொட்டு வைக்கிறார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஓட்டை திறந்திருக்கிறதா என்று குத்திப் பார்ப்பது மெக்கானிக்கின் வேலை என்று முடிவாகியிருக்கிறது. ஊக்கு மட்டும் அவன் சட்டைப் பையில் குத்தியிருக்கிறது. கேட்டு வாங்கி, குத்திவிட்டு, அவன் பார்க்கத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.